கதவைத் திறந்தால் போதுமா?
வாலிபர் மன்றங்கள் பற்றி மூன்று நாடுகள் தரும் பாடம்

ஊருக்கு ஒரு வாலிபர் மன்றம் வேண்டும். மாலையில் பிள்ளைகள் அங்கே போய் விளையாடட்டும். தெருவில் திரிந்து கெட்டுப்போக மாட்டார்கள்.

இப்படிச் சொல்லாத ஊர் உலகத்தில் இல்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், உண்மையிலேயே அப்படி நடக்கிறதா?

ஒரு நாட்டில் மன்றத்துக்குப் போன பையன்கள் கெட்டுப்போனார்கள். இன்னொரு நாட்டில் பிள்ளைகள் குடியையே மறந்தார்கள். மூன்றாவது நாட்டில் மன்றங்களை மூடினார்கள், வழக்குகள் பெருகின.

மூன்றும் உண்மை. மூன்றையும் நிபுணர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தக் கதைகளைப் பார்ப்போம்.

பெரியவர்கள் பயந்த இரவு

முதலில் ஐஸ்லாந்து.

வட துருவ வட்டத்தை ஒட்டி, கடலுக்கு நடுவே இருக்கும் தீவு நாடு அது. பரப்பளவு 1,03,000 சதுர கிலோ மீட்டர். நம் தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். மக்கள் எத்தனை பேர் தெரியுமா? நாலு லட்சம்கூட இல்லை! 2011 கணக்குப்படி நம் திருச்சி மாநகராட்சியில் மட்டும் எட்டரை லட்சம் பேர் இருக்கிறார்கள். அதில் பாதிகூட அந்த நாட்டில் கிடையாது.

டிசம்பர் மாதத்தில் தலைநகர் ரெய்க்யவிக்கில் பகல் வெளிச்சம் நாலு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் இருட்டு. கடுங்குளிர்.

1990-களில் அந்த ஊரில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பெரியவர்கள் கடைத்தெருப் பக்கம் போகவே அஞ்சினார்கள். காரணம் திருடர்கள் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள்! 14 வயது, 15 வயதுச் சிறுவர்களும் சிறுமிகளும் கூட்டம் கூட்டமாகக் குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நாட்டில் மது வகைகள் பல கிடைத்தாலும், பீர் மட்டும் பல ஆண்டுகள் தடையில் இருந்தது. 1989-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதிதான் தடை நீங்கியது. (பிள்ளைகள் குடிக்கத் தொடங்கியதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தடை இருந்த காலத்திலும் குடித்தவர்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.)

1998-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். 15, 16 வயது மாணவர்களில், போன ஒரு மாதத்தில் குடிவெறி ஏறும் அளவுக்குக் குடித்தவர்கள் எத்தனை பேர்?

நூற்றுக்கு 42 பேர்!

தினந்தோறும் சிகரெட் பிடித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர். கஞ்சாவை ஒரு தடவையாவது தொட்டவர்கள் 17 பேர்.

அதே கணக்கை 2016-ல் மறுபடியும் எடுத்தார்கள். குடித்தவர்கள் 5 பேர். சிகரெட் 3 பேர். கஞ்சா 7 பேர்.

பதினெட்டே ஆண்டுகளில் இந்த மாற்றம்! எப்படி நடந்தது?

அதைச் சொல்வதற்கு முன்னால் சுவீடனுக்கு ஒரு நடை போய் வருவோம். அந்தக் கதை தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

ஓரெப்ரோ ஊர்ப் பையன்கள்

சுவீடனில் ஓரெப்ரோ என்று ஒரு நடுத்தர ஊர். 1960-களில் மாக்னுசன் என்ற பேராசிரியர், அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். பிள்ளைகளுக்கு 10 வயதாக இருந்தபோது பிடித்த நோட்டுப் புத்தகத்தை, அவர்கள் தலை நரைக்கும்வரை மூடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஆராய்ச்சி அது.

சுவீடனில் அப்போதே ஊர் ஊராக வாலிபர் பொழுதுபோக்கு மன்றங்கள் இருந்தன. அரசாங்கப் பணத்தில் நடந்தன. நல்ல கட்டிடம். உள்ளே பில்லியர்ட்ஸ் மேஜை, மேஜைப் பந்து, பாட்டுக் கேட்க வசதி, தொலைக்காட்சி, குடிக்கக் காப்பி. மாலையில் போனால் இரவுவரை இருக்கலாம். பெரியவர்கள் ஓரிருவர் இருப்பார்கள். ஆனால் யாரையும் எதுவும் செய்யச் சொல்ல மாட்டார்கள். "வந்தாயா, இரு. போகிறாயா, போ." அவ்வளவுதான்.

இதைவிட என்ன வேண்டும் என்றுதான் எந்தத் தாய் தகப்பனும் நினைப்பார்கள்.

மஹோனி, ஸ்டாட்டின் என்ற இரண்டு அறிஞர்கள், மாக்னுசனோடு சேர்ந்து பழைய நோட்டுகளைப் புரட்டினார்கள். 13 வயதில் மன்றத்துக்கு அடிக்கடி போன பையன்கள் யார்? 30 வயதுக்குள் குற்றம் செய்து போலீஸ் பதிவேட்டில் ஏறியவர்கள் யார்? இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டார்கள். 2001-ல் முடிவை வெளியிட்டார்கள்.

மன்றத்துக்கு அடிக்கடி போன பையன்கள்தான் அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்!

"ஏற்கெனவே முரட்டுப் பையன்களாக இருந்தவர்கள்தானே மன்றத்துக்குப் போயிருப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். 10 வயதிலேயே அந்தப் பையன்களின் நடத்தை எப்படி இருந்தது, வீட்டு நிலைமை என்ன என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தார்கள். அப்படியும் முடிவு மாறவில்லை.

அதற்கு ஓராண்டு முன்னால், 2000-ல், மஹோனியும் ஸ்டாட்டினும் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி வேறோர் ஆராய்ச்சி வெளியிட்டிருந்தார்கள். அதில்தான் முடிச்சு அவிழ்கிறது.

ஒரு பிள்ளை விளையாட்டுக் குழுவில் சேர்கிறது. அல்லது பாட்டு வாத்தியாரிடம் போகிறது. அங்கே குறித்த நேரம் உண்டு. சொல்லிக்கொடுக்கும் ஆள் உண்டு. நேற்றுத் தெரியாததை இன்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குறி உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகள் வம்பு தும்புக்குப் போவது குறைவு.

சும்மா போய்ச் சும்மா இருந்துவிட்டு வரும் மன்றத்துக்குப் போகும் பிள்ளைகளோ, அதிக வம்பில் மாட்டினார்கள். ஏனென்றால் அங்கே வழிகாட்டும் பெரியவர் இல்லை. ஆனால் வழிகெடுக்கும் கூட்டாளி இருந்தான். ஊரில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் நாலு போக்கிரிகள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள, அரசாங்கமே விளக்குப் போட்டு, கணப்பு வைத்து, காப்பியும் கொடுத்தது போல ஆகிவிட்டது!

கட்டிடத்தைக் குறை சொல்ல முடியாது. பில்லியர்ட்ஸ் மேஜையையும் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ளே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காக்காரர் சொன்ன யோசனை

இனி ஐஸ்லாந்துக்குத் திரும்புவோம்.

ஹார்வி மில்க்மன் என்பவர் அமெரிக்க மனோதத்துவ நிபுணர். மனிதன் ஏன் போதையைத் தேடுகிறான் என்று ஆராய்ந்தவர். சிலர் கவலையை மறக்கக் குடிக்கிறார்கள். சிலர் கிளர்ச்சிக்காகக் குடிக்கிறார்கள். அந்தக் கிளர்ச்சியை ஆட்டத்தில், பாட்டில், சண்டைப் பயிற்சியில் கொடுத்தால் என்ன? 1992-ல் அமெரிக்காவில் டென்வர் நகரில் இதற்காக ஒரு திட்டம் தொடங்கிப் பிள்ளைகளுக்கு இசையும் நடனமும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். "போதையை நிறுத்து" என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. "உனக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை?" என்றுதான் கேட்டார்கள்.

அவர் 1990-களில் ஐஸ்லாந்துக்கு வந்து வந்து போனார். அங்கே இங்கா டோரா என்ற ஆராய்ச்சிப் பெண்மணி முதலானோர் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். (அந்த நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரோடு "மகன்", "மகள்" என்று சேர்த்துக்கொள்வார்கள். கிட்டத்தட்ட நம்முடைய இனிஷியல் மாதிரி. ஆகவே பிரதமரைக்கூட முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்!)

அவர்கள் செய்த முதல் காரியம் கட்டிடம் கட்டியது அல்ல. கேள்வி கேட்டது.

1992-ல் நாடு முழுவதும் 14, 15, 16 வயது மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். குடித்திருக்கிறாயா? கடைசியாக எப்போது? சிகரெட் பிடிக்கிறாயா? தாய் தகப்பனோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய்? மாலையில் என்ன செய்கிறாய்? 1995-லும் 1997-லும் மறுபடி கேட்டார்கள்.

பதில்களை அடுக்கிப் பார்த்தபோது நாலு சங்கதிகள் பளிச்சென்று தெரிந்தன. வாரத்துக்கு மூன்று நாலு தடவை ஒழுங்கான பயிற்சிக்குப் போகும் பிள்ளை குடிப்பதில்லை. வாரத்தில் தாய் தகப்பனோடு அதிக நேரம் இருக்கும் பிள்ளை குடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று நம்பும் பிள்ளை குடிப்பதில்லை. இரவில் நேரம் கழித்து வெளியே திரியாத பிள்ளை குடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளையை வெளியே அழைத்துப் போய்விட்டு, "நான் என் கடமையைச் செய்துவிட்டேன்" என்று சொல்லும் தகப்பன்மார் இந்த இரண்டாவது சங்கதியைக் கொஞ்சம் கவனிக்கலாம். வாரம் முழுவதும் எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கில் வந்தது.

பத்து மணிக்கு மேல் வெளியே வராதே!

பிறகு சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது. 20 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்கக் கூடாது. இரண்டுக்கும் விளம்பரம் கூடாது.

13 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணை இல்லாமல் வெளியே இருக்கக் கூடாது. கோடையில் 12 மணிவரை விட்டார்கள். ஜூன் மாதத்தில் அங்கே நள்ளிரவில்தான் சூரியனே மறைகிறது. "இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா" என்று எந்தத் தாயும் சொல்ல முடியாது! அதனால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சட்டம் போட வேண்டியிருந்தது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குக் குளிர்காலத்தில் எட்டு மணி. இந்த நேரங்களை அச்சடித்து, குளிர்ப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளும் காந்தத் துண்டுகளாக வீடுகளுக்குக் கொடுத்தார்கள்.

பெற்றோர் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். என் பிள்ளைக்கு நான் மது வாங்கித் தர மாட்டேன். பெரியவர் இல்லாத விருந்துக்கு அனுப்ப மாட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் ஒரு கண் பார்த்துக்கொள்வேன். வாரக் கடைசி இரவுகளில் தாய்மாரும் தகப்பன்மாரும் குழுவாகச் சேர்ந்து தெருவில் நடந்தார்கள். சண்டைக்கு அல்ல, சும்மா நடந்தார்கள். தெரிந்த மாமா எதிரே வந்தால் எந்தப் பையன் பாட்டிலை வெளியே எடுப்பான்?

பணம் யார் கொடுப்பது? இதுதான் பல ஊர்களில் திட்டம் படுத்துவிடும் இடம். ரெய்க்யவிக் நகரசபை பிள்ளைக்கு ஒரு "பொழுதுபோக்கு அட்டை" கொடுத்தது. 2016-ல் அதன் மதிப்பு ஆண்டுக்கு 35,000 குரோனா. பிள்ளை கால்பந்துக்குப் போகலாம், வயலினுக்குப் போகலாம், நடனத்துக்குப் போகலாம். அட்டையைக் காட்டினால் அந்த அளவுக்குக் கட்டணம் கழியும். ஏழை வீட்டுப் பிள்ளை "எங்கப்பாவிடம் காசு இல்லை" என்று வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இவற்றோடு பள்ளிக்கூடத்தை ஒட்டி வாலிபர் மன்றங்களும் நடக்கின்றன. நகரசபைதான் நடத்துகிறது. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். நாட்டிலுள்ள மன்றங்களெல்லாம் சேர்ந்து 1985-லேயே ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. பாட்டுப் போட்டி, நடனம், நாடகம் என்று ஏதாவது ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டே இருப்பார்கள்.

பலன் என்ன? வாரத்துக்கு நாலு தடவையாவது விளையாட்டுப் பயிற்சிக்குப் போகும் 15, 16 வயதுப் பிள்ளைகள் 1997-ல் நூற்றுக்கு 24 பேர். 2012-ல் 42 பேர். வார நாட்களில் பெற்றோரோடு அடிக்கடி இருப்பதாகச் சொன்னவர்கள் 23-லிருந்து 46 ஆனார்கள். இரட்டிப்பு!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கேள்வித்தாள் கணக்கு தலைநகரத்து அலமாரியில் தூங்குவதில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்குள் அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர்க் கணக்கு போய்ச் சேர்கிறது. "நாட்டில் எங்கோ குடிக்கிறார்கள்" என்று யாரும் கைகழுவ முடியாது. "நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இத்தனை பேர்" என்று தாளில் இருக்கும்.

பல் வைத்தியர் பயிற்சியாளர் ஆனார்

ஒரு கிளைக் கதை. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஐஸ்லாந்தின் தெற்கே வெஸ்ட்மன் தீவுகள். 1973-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி இரவில் அங்கே எரிமலை வெடித்தது. ஊரில் இருந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் இரவோடு இரவாகப் படகு ஏறித் தப்பினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலுக்கும் குழம்புக்கும் அடியில் போயின. பிறகு பெரும்பாலோர் திரும்பி வந்து ஊரை மறுபடி கட்டினார்கள்.

அந்தச் சின்ன ஊர்க்காரர் ஹெய்மிர். தொழில் பல் வைத்தியம். அந்த ஊர்க் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக் கொடுத்து, கடைசியில் நாட்டுக் குழுவுக்கே பயிற்சியாளர் ஆகிவிட்டார்!

2000-ம் ஆண்டில் கெப்ளவிக் ஊரில் ஒரு பெரிய மண்டபம் கட்டினார்கள். முழுக் கால்பந்து மைதானமே கூரைக்குள் அடங்கும். பனி கொட்டினாலும் ஆடலாம். பிறகு பல ஊர்களில் இப்படி மண்டபங்கள் வந்தன. மண்டபத்தோடு ஆட்களையும் தயார் செய்தார்கள். ஏறக்குறைய ஐந்நூறு பேருக்கு ஒரு தேர்ச்சி பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் என்ற நிலை வந்தது. ஆறு வயதுக் குழந்தைக்கும் தேர்ச்சி பெற்றவர்தான் சொல்லிக்கொடுப்பார்.

2016-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி. பிரான்சில் நீஸ் நகரம். ஐரோப்பியக் கோப்பைப் போட்டி. கால்பந்தின் தாய்நாடான இங்கிலாந்தை இந்தத் துக்குணி நாடு 2-1 என்று வீழ்த்தியது! 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு சமன் செய்தது. மெஸ்சி அடித்த பெனால்டி பந்தைத் தடுத்த காவலர் ஹான்னஸ், சினிமாப் படம் எடுக்கும் டைரக்டர்!

கோப்பைக்காக யாரும் அந்த மண்டபங்களைக் கட்டவில்லை. பிள்ளைகளுக்கு மாலையில் போக ஓர் இடம் வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

பூட்டிய கதவுகள்

இனி இங்கிலாந்து. அங்கே வாலிபர் மன்றங்களுக்குப் பழைய வரலாறு உண்டு. 1960-ல் ஆல்பமார்ல் சீமாட்டி தலைமையில் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. அதை ஒட்டி நாடெங்கும் மன்றங்கள் கட்டினார்கள். பயிற்சி பெற்ற வாலிபர் நல ஊழியர்களை நியமித்தார்கள்.

2010-க்குப் பிறகு சிக்கன நடவடிக்கை வந்தது. நகரசபைகளுக்குப் பணம் குறைந்தது. எதை வெட்டுவது? வேறு எதை வெட்டினாலும் கூச்சல் எழும். மன்றத்தைப் பூட்டினால் யார் கேட்பது? பிள்ளைகளுக்குத்தான் ஓட்டு இல்லையே! 2010-க்கும் 2019-க்கும் இடையில் லண்டன் நகரில் நூற்றுக்கு முப்பது மன்றங்கள் மூடப்பட்டன.

கார்மென் வில்லா என்ற பொருளாதார அறிஞர் இதைக் கணக்கெடுத்தார். அறிக்கை 2024-ல் வெளிவந்தது. நடந்து போகும் தூரத்தில் இருந்த மன்றத்தை இழந்த பிள்ளைகளையும், மன்றம் தப்பித்த பகுதிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்.

மன்றத்தை இழந்த 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குற்றத்தில் இறங்குவது நூற்றுக்கு 14 பங்கு கூடியது. 16 வயதுப் பரீட்சையில் மார்க்கும் குறைந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அதிக நஷ்டம்.

மிச்சப்படுத்திய பணம்? ஒரு பவுன் மிச்சம் பிடித்தார்கள். அதனால் சமூகத்துக்கு வந்த நஷ்டம் ஏறக்குறைய மூன்று பவுன். போலீசு, கோர்ட்டு, குறைந்த படிப்பால் பின்னால் குறையும் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம்.

அப்படியானால் சுவீடனில் கெடுதல் செய்த மன்றம் லண்டனில் எப்படி நன்மை செய்தது? என் கருத்து இது: லண்டன் மன்றங்களில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊழியர் ஒருவர் இருந்தார். வீட்டுப் பாடம் கேட்டார். நேற்று ஏன் வரவில்லை என்று விசாரித்தார். ஓரெப்ரோவில் காப்பி மட்டும் சூடாக இருந்தது.

சந்தேகப்படுகிறவர்கள்

ஐஸ்லாந்துக் கதையை எல்லாரும் அப்படியே நம்பவில்லை. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் பல நாடுகளில் பிள்ளைகளின் குடி குறைந்தது. அங்கெல்லாம் அட்டையும் இல்லை, பத்து மணிச் சட்டமும் இல்லை என்கிறார்கள். அது சரிதான். ஆனால் 2015-ல் ஐரோப்பா முழுவதும் எடுத்த கணக்கில், போன மாதம் மது அருந்திய மாணவர்கள் சராசரி நூற்றுக்கு 48 பேர். ஐஸ்லாந்தில் 9 பேர். இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு ஏதோ காரணம் இருந்தாக வேண்டும்.

பிள்ளைகளை இரவில் வீட்டில் அடைப்பது சுதந்திரத்தைப் பறிப்பது என்றும் ஒரு கட்சி பேசுகிறது. இது லேசாகத் தள்ளக்கூடிய வாதம் அல்ல. ஆயினும் அங்கே பகலையும் மாலையையும் நிரப்பிவிட்டுத்தான் இரவைப் பூட்டினார்கள். மற்ற நாடுகள் நகல் எடுக்கும்போது, செலவு பிடிக்கும் முதல் பாதியை விட்டுவிட்டு, செலவில்லாத இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலும் தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலும் இந்த முறையை எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

ஐஸ்லாந்திலும் எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ரெய்க்யவிக்கில் பண்பாட்டுத் திருவிழா இரவு. பதின்ம வயதுப் பிள்ளைகள் மூன்று பேருக்குக் கத்திக் குத்து. 17 வயதுப் பெண் ஒருத்தி சில நாளில் இறந்துபோனாள். பிடிபட்ட பையனுக்கு வயது 16. குடியும் சிகரெட்டும் ஒழிந்ததாகப் பெருமை பேசிய நாடு திகைத்து நின்றது. கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போகும் பிள்ளையைப் பற்றி என்ன கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று அங்கே பெற்றோர்கள் பேசத் தொடங்கினார்கள்.